மேகம் விலகும்போது அணையுது

மருமகள்: …கெட்டுப்போகலை அத்தை. பசி. சாப்பாடு பத்தலை, அவ்வளவுதான்.

அத்தை: கம்ப்யூட்டருக்குப் பசியா? நல்லா இருக்கே கதை.

மருமகள்: அந்த ஓர நாற்காலில உட்காருங்க. முட்டியை நீட்டி வெச்சுக்கோங்க, டாக்டர் சொன்னார்ல.

அத்தை: டாக்டர் ஆபரேஷன் பண்ணதோட சரி. அப்புறம் என் முட்டியை ஆளறது நீதான்… ஏம்மா, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள விசிறி சுத்துது பாரு. சத்தமே இல்லாம. மீன் நீந்தற மாதிரி.

கடைக்காரர்: வாங்க மேடம். மழைல நனைஞ்சுட்டீங்களா? என்ன பார்க்கறீங்க?

மருமகள்: பவர் சப்ளை. கேம் விளையாடற மெஷினுக்கு. நடுவுல பட்டுனு அணையுது… போல.

கடைக்காரர்: போலயா? படம் உறைஞ்சு நிக்குதா, மொத்தமா அணையுதா?

அத்தை: மொத்தமா. கண்ணைப் பொத்தின மாதிரி இருட்டு.

மருமகள்: இருட்டா?

அத்தை: அப்படித்தானேம்மா? நீதான அன்னிக்குச் சொன்ன?

மருமகள்: சொல்லியிருப்பேன்.

கடைக்காரர்: ஓவர்கிளாக் பண்ணியிருக்கீங்களா? வேகத்தை ஏத்தி?

மருமகள்: ஆமா. பிராசசர், கிராபிக்ஸ் கார்டு ரெண்டையும். உள்ள இருக்கறது பழைய ஐந்நூத்தம்பது வாட்.

கடைக்காரர்: அதான். சும்மா இருக்கறப்போ தெரியாது மேடம். பெரிய காட்சி ஏதாவது வந்தா கார்டு ஒரு கணம் சட்டுனு கரண்டை இழுக்கும். சப்ளை தாங்காம தன்னைத்தானே அணைச்சுக்கும்.

அத்தை: அப்போ… கை படக்கூடாத இடத்துல கை பட்டதால இல்லையா?

கடைக்காரர்: யார் கை பட்டாலும் அணையத்தான் செய்யும்மா.

அத்தை: அப்பாடா!

மருமகள்: நீங்க எதுக்கு அத்தை அப்பாடாங்கறீங்க?

அத்தை: கால்… நீட்டினதுல கொஞ்சம் வலி விட்டுது.

கடைக்காரர்: எந்த மாதிரி இடத்துல அணையுது? அதை வெச்சுத்தான் எவ்வளவு வேணும்னு சொல்ல முடியும்.

மருமகள்: எனக்குச் சரியா…

அத்தை: மலை உச்சிகிட்ட. நாள் பூரா ஏறிட்டே இருப்போம். ஈரப் பாறை, பாசி. கீழ ஏரி ஒரு காசு அளவுக்குச் சின்னதாகிடும். அப்புறம் ஒரே வெள்ளை… நம்ம காலே நமக்குத் தெரியாது. திடீர்னு ஓரத்துல மேகம் விலக ஆரம்பிக்கும். உள்ள இருந்து பொன் மாதிரி வெளிச்சம்… அதோட போச்சு. இருட்டு. அந்தப் பக்கம் என்ன இருக்குனே பார்த்ததில்லை.

கடைக்காரர்: அருமையா சொல்றீங்கம்மா. நீங்களே விளையாடுவீங்களா?

அத்தை: நானா? சேச்சே. எல்லாம் மருமக சொல்லக் கேட்டதுதான்.

மருமகள்: நான் ஏரிக்கரையைத் தாண்டினதே இல்லையே அத்தை.

கடைக்காரர்: சரி… ஆயிரத்து இருநூறு வாட் போட்டுடுவோமா? கலர் கலரா விளக்கெல்லாம் எரியும்.

மருமகள்: அவ்வளவு எதுக்கு? எண்ணூத்தம்பது தாராளம். கரண்ட் வீணாகாத கோல்டு தரத்துல குடுங்க. கார்டுக்கு ரெண்டு கேபிளும் தனித்தனியா வரணும். விளக்கு வேணாம். முக்கியமா சத்தம் கூடாது.

கடைக்காரர்: ஒண்ணு இருக்கு. லோடு கம்மியா இருந்தா விசிறியே சுத்தாது.

மருமகள்: அதான் வேணும். கட்டில் பக்கத்துல வைக்கப் போறோம்.

கடைக்காரர்: உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்.

அத்தை: கட்டில் பக்கத்துலயா? நீங்க போற வீடு அவ்வளவு சின்னதா? அடுத்த மாசம் ஊரை விட்டே கிளம்பறீங்க. மூட்டை கட்டற நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா?

மருமகள்: பேச்சை மாத்தாதீங்க. பாசியெல்லாம் பார்த்திருக்கீங்க.

அத்தை: …எப்போ கண்டுபிடிச்ச?

மருமகள்: கேம்ல நடக்கற பொண்ணை ஏரிக்கரைல நிறுத்திட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தா அவ பாதி மலைல நிக்கறா. காத்துல சால்வை பறக்குது. தானா நடந்து போயிருப்பாளா?

அத்தை: கேட்டிருக்கலாம்ல?

மருமகள்: கேட்டா விட்டுடுவீங்க.

அத்தை: தைச்சு முடிச்சதும் கொஞ்ச நேரம்னு உட்கார்ந்தேன். முதல் நாள் பூரா ஒரு மரத்துல முட்டிட்டே நின்னேன் போ. யாரோ ஒரு புண்ணியவான், எந்த ஊர்ல இருந்து விளையாடறானோ, வந்து எனக்கு முன்னாடி மெதுவா நடந்து வழி காட்டினான்… ஆபரேஷனுக்கப்புறம் கனவுல கூட நொண்டித்தான் நடந்தேன்மா. அங்க மட்டும்… மூச்சு வாங்குது, ஆனா வலிக்கலை. எந்திரிச்சு வந்து தண்ணி குடிக்கறப்போ கூட உள்ளங்கால்ல குளிர் இருக்கற மாதிரியே இருக்கும். நல்லாத்தான ஓடிட்டிருந்தது. நீ எதுக்கு வேகத்தை ஏத்தின?

மருமகள்: நீங்க நிறுத்தின இடத்துல பார்த்தா மூடுபனி விட்டு விட்டு நகர்ந்துது. உங்களுக்குத் தலை சுத்துமேன்னு ஏத்தினேன். அதுல பவர் பத்தாம போச்சு.

அத்தை: அடிப்பாவி! நான் உன் மெஷினைக் கெடுத்துட்டேன்னு சோறு தண்ணி இறங்காம கிடந்தேன்.

மருமகள்: அது இனிமே என் மெஷின் இல்லை. எங்களோட வரலை. இருக்கப் போறது உங்க கட்டில் பக்கத்துல. நான் அங்க போய் வேற ஒண்ணு பார்த்துக்கறேன். என்ன, அழறீங்களா?

அத்தை: ஏசி. கண்ணுல காத்து அடிக்குது.

மருமகள்: உங்களை எங்களோட வாங்கன்னா வர மாட்டீங்க. தையல் மெஷினு, ஜன்னலு, தெருவுன்னு ஆயிரம் சொல்வீங்க.

அத்தை: இந்த வயசுல வேர் புடுங்கி நட்டா பிடிக்காதும்மா.

மருமகள்: தெரியும். அதான்… ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. தூசி தட்டக் கூட பயந்து அதுகிட்ட போக மாட்டீங்களே. முதல் நாள் எப்படி உட்காரத் தோணுச்சு? அந்த மலைக்காகவா?

அத்தை: மலை இருக்கறதே அப்போ எனக்குத் தெரியாது. ஊரை மாத்தறதைப் பத்தி நீயும் என் பையனும் கதவைச் சாத்திட்டுப் பேசினது எனக்குக் கேட்டுடுச்சு. மறுநாள் நீ வேலைக்குக் கிளம்பினதும் போய் உட்கார்ந்தேன்… நீ போனப்புறம் அந்த கேமுக்குள்ள எங்க வந்தா உன்னைப் பார்க்கலாம்னு வழி பழகிக்க.