ஒரு பக்கம் மட்டும் வீங்கினால்

விமானத்தில் ஏறினால் வெடித்துவிடுமா என்றுதான் ஐயா, பாதிப் பேர் முதலில் கேட்பார்கள். வெடிக்காது. குப்புறப் படுக்கலாமா? சில வாரம் போகட்டும், பிறகு படுக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆயுசுக்கும் தாங்குமா? தாங்காது, ஒருநாள் மாற்றவேண்டி வரும். உள்ளே சிலிக்கான் பை வைத்து மார்பைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் பதினாறு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் டாக்டருக்குப் பேசப் பொறுமை கிடையாது. அவருக்குக் கத்தி, எனக்கு வாய்.

நான் எந்த நோயாளியிடமும் பொய் சொன்னதில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் ஒரு கேள்வித்தாள் உண்டு. நான் தயாரித்ததுதான். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றையும் பதிலோடு படித்துக் காட்டுவேன். விளங்கியதும் நோயாளியே டிக் போட்டு, கடைசியில் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பிரதி அவர்களுக்கு, இன்னொன்று கோப்புக்கு.

என் நாத்தனாருக்கும் அப்படித்தான் படித்தேன். அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, "அண்ணா, முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோ" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார், பாவம், அவருக்கு வேறு வழியில்லை. 'பலகை அண்ணி' என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. பிறகு அவள் பிள்ளைகள் பேசப் பழகியபோது என்னைப் 'பலகை அத்தை' என்றே கூப்பிட்டார்கள். அர்த்தம் தெரியாமல்தான். என் கணவர் ஒரு தடவைகூட அவர்களை அதட்டியதில்லை.

இரண்டாவதும் பிறந்து பால்குடி மறந்த பிறகு அவளே கிளினிக்குக்கு வந்தாள்.

"எல்லாம் வத்திப்போச்சு அண்ணி. பலகையாயிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

யாரிடம் சொல்கிறோம் என்ற நினைவே அவளுக்கு இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கமாட்டேன். ஆனாலும் இருபத்தொரு கேள்விகளை ஒழுங்காகப் படித்தேன். கடைசிக் கேள்விக்கு வந்தபோது அவளுக்குப் போன் வந்தது. "மிச்சத்துக்கு நீங்களே டிக் போட்டுடுங்க அண்ணி" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துபோனாள். போட்டேன். அவளுடைய பிரதி மேஜையிலேயே கிடந்தது. என் இழுப்பறையில் எடுத்து வைத்தேன். அந்த டிக் யார் போட்டது என்று நிபுணரை வைத்துக் கண்டுபிடித்தீர்களாம். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எட்டு வருடம் கழித்து ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணி, இடது பக்கம் மட்டும் உப்பினாப்ல இருக்கு."

"வலிக்குதா?"

"இல்ல."

"வலி இல்லேன்னா நல்லதுதானேம்மா."

வலி இல்லாதது நல்லதுதான் ஐயா, அதில் என்ன பொய்? அடுத்த மாதம், டாக்டரைப் பார்க்கவேண்டுமா என்றாள். இந்த வாரம் அவர் ஊரில் இல்லை என்றேன். உண்மையிலேயே ஊரில் இல்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த மாதம் வேறு டாக்டரிடம் காட்டட்டுமா என்றாள். "நான் இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கு?" என்றேன். இப்படியே பத்து மாதம் போயிற்று. அவள் எப்போது கூப்பிட்டாலும் போனை எடுத்தேன். ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

இருபத்திரண்டாவது கேள்வி எனக்கு மனப்பாடம். பல வருடம் கழித்து ஒரு பக்கம் மட்டும் வீங்கினால்? உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும். உள்ளே சேர்ந்த நீரை எடுத்துச் சோதிக்கவேண்டும். அபூர்வமாக அது ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, வைத்த பையை அதைச் சுற்றியுள்ள சவ்வோடு எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். எளிமையாக எழுதியிருக்கிறேன் என்று டாக்டரே பாராட்டினார்.

அவள் முதல் தடவை போன் செய்தபோதே எனக்குத் தெரியும். அக்குளில் கட்டி வந்து, பயந்துபோய், அவளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் பரவியிருந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் கடைசியாக என்னிடம் பேசினாள். "நான் வேற ஏதாவது கேக்கணுமா அண்ணி?" என்றாள். "இல்லம்மா, எல்லாத்தையும் கேட்டுட்ட" என்றேன். யோசித்துப் பார்த்தால் அதை மட்டும் பொய் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பழிவாங்கினேன் என்று எழுதாதீர்கள் ஐயா. ஒரு கேலிப்பேச்சுக்காக யாராவது இப்படிச் செய்வார்களா? அவள் செத்துப்போன பிறகு பிள்ளைகள் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். நான்தான் சோறு போட்டேன், தலை வாரிவிட்டேன். நீங்கள் என்னை அழைத்துவந்த அன்று சின்னவன் வாசல்வரை அழுதுகொண்டே ஓடிவந்தானே, என்னை எப்படிக் கூப்பிட்டான் என்று கவனித்தீர்களா? வெறும் அத்தை.