ஒரே வீட்டுக்குக் கொடுத்த ஜாதகம்

பெயர்: அனுசியா. தகப்பனார்: காலஞ்சென்ற சின்னக்கருப்பன். வயது: பள்ளிச் சான்றிதழ்படி 37. தொழில்: நைட்டி தைத்துக் கொடுப்பது. விலாசம்: கீழத்தெரு, சேத்தூர், ராஜபாளையம் வட்டம். காவல் நிலையத்தில் நேரில் ஆஜராகி 30.10.2025 அன்று கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் தாயார் வேலுத்தாயுடன் குடியிருந்து வருகிறேன். இதற்கு முன்பு முன்னாள் ஒன்றியத் தலைவர் கருத்தையா என்பவரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் மனு டைப் செய்யும் வேலை பார்த்து வந்தேன். சத்துணவுச் சமையல் வேலையில் விதவைகளுக்கு முன்னுரிமை உண்டு என்பதால், புருஷன் உயிரோடு இருக்கும் பெண்களுக்குப் புருஷன் இறந்துவிட்டதாகப் போலிச் சான்று தயார் செய்து அந்த வேலையை அவர் அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மனுக்களை டைப் செய்தது நான். அப்படிச் செத்துப்போன ஒருவர் ரேஷன் கடைக்குப் போய், கார்டில் தன் பெயர் இல்லை என்று தெரிந்து, கலெக்டர் முன்னால் போய் நின்றார். அதிலிருந்து வழக்கு ஆனது. என்னையும் கைது செய்தார்கள். அதன் பிறகு நடந்ததை நடந்தபடி சொல்லச் சம்மதித்ததால், கோர்ட்டார் எனக்கு மன்னிப்புக் கொடுத்து அரசுத் தரப்பு சாட்சியாகச் சேர்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் டிவியில் என் போட்டோவை ஓயாமல் காட்டினார்கள். கருத்தையாவின் போட்டோவைவிட என் போட்டோவைத்தான் அதிகம் காட்டினார்கள், அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜாமீனில் வந்த பிறகு யாரும் எனக்கு வேலை தரவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். அதன் பிறகு தாயாரின் கம்மலை வைத்து ஒரு பழைய மெஷின் வாங்கி, வீட்டிலேயே நைட்டி தைத்தேன். பிறகு செட்டியார்பட்டியில் கடைக்கட்டடம் ஒன்றைப் பிடித்தேன். முதலில் கார்த்திகா என்ற பெண் மட்டும் துணிந்து வேலைக்கு வந்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். இப்போது தீபாவளிச் சரக்கை நாங்கள் சொன்ன தேதியில் கொடுத்துவிட்டோம். பஸ்ஸிலும் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

இந்த வருடம் ஆவணி மாதத்தில் தேவதானத்தைச் சேர்ந்த பாண்டிதுரை என்பவர் என்னைப் பெண் கேட்டு வந்தார். அவர் மில் பிட்டர், மனைவியை இழந்தவர், கொஞ்சம் தென்னந்தோப்பு உண்டு. அவர் வந்திருந்தபோது ஒரு மெஷினில் பெல்ட் கழன்றது, பேசிக்கொண்டே குனிந்து அதை மாட்டிக் கொடுத்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் என் தாயாரிடம், "டிவியில வந்ததெல்லாம் எனக்கு வேண்டாம் அத்தை. ஸ்கூல்ல போட்ட தேதியும் வேண்டாம். நெசமான பொறந்த தேதி, நேரம் தாங்க, பொருத்தம் பாக்கணும்" என்றார்.

இதில் ஒரு விவரத்தை ஐயா அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஹெட்மாஸ்டர் எனக்கு 05.06.1988 என்று தேதி போட்டார். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆதார், வழக்குக் கட்டு, பேங்க், எல்லாவற்றிலும் அந்தத் தேதிதான் இருக்கிறது. நான் உண்மையில் பிறந்தது ஐப்பசியில், 03.11.1988. அந்தத் தேதி என் தாயாருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், ஜாதகத்தில் மட்டும் இருக்கிறது. வழக்குக்கு முன்பு கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, வழக்குக்குப் பின்பு என் ஜாதகத்தை யாரும் கேட்கவில்லை. ஆகவே அந்த ஜாதகம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது பாண்டிதுரை வீட்டுக்கு மட்டும்தான்.

அதன் பிறகு பொருத்தம் இருக்கிறது என்று சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் வைத்துப் பூ வைத்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தோம். தாயாரைச் சொந்தக்காரர்களுடன் அனுப்பிவிட்டு என்னை அவர் பைக்கில் கூட்டி வந்தார். பால்கோவா வாங்கிக் கொடுத்தார். கோர்ட் பக்கம் வந்ததும் பைக்கை நிறுத்தி, "இதானா உங்க கோர்ட்டு? எந்த வாசல் வழியா உள்ள போவிய?" என்று கேட்டார். நான் கையை நீட்டிக் காட்டினேன். எந்த பஸ்ஸில் வருவேன், யாருடன் வருவேன் என்றும் கேட்டார். என்மேல் அக்கறை என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதன் பிறகு, வரும் 12.11.2025 அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கருத்தையாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சம்மன் வந்தது.

நேற்றுக் காலையில் நான் கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கார்த்திகா பஸ் ஸ்டாப்பிலிருந்து போன் செய்து, "அக்கா, நீங்க கடையிலதான இருக்கிய? அப்படியே இருங்க, வெளிய வராதிய" என்றாள். நான் கேட்கவில்லை, போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாப் சுவரிலும் எங்கள் கடைக்குத் திரும்பும் தெருமுனையிலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். டிவியில் காட்டிய என் பழைய போட்டோதான். போட்டோவுக்குக் கீழே தோற்றம் 03.11.1988, மறைவு 12.11.2025 என்று இருந்தது. இப்படிக்கு உற்றார் உறவினர் என்று முடித்திருந்தார்கள். கீழே அச்சகத்தின் பெயர் இல்லை.

மறைவுத் தேதி இன்னும் வரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. போட்டோவைப் பார்த்தார்கள், துக்கம் கேட்கக் கிளம்பிவிட்டார்கள். ராஜபாளையத்திலிருந்து என் பெரியம்மா மாலையுடன் வந்து இறங்கினார். நான் கடை வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கையில் பிடித்தபடியே டீ குடித்தார். "ஆயுசு கெட்டிட்டி உனக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஒரு போஸ்டரைக் கிழியாமல் உரித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதில் உள்ளதை வாசிக்கச் சொன்னார். மறைவுத் தேதி கோர்ட் வாய்தா தேதி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தாயார் குறுக்கிட்டு, "அத விடுட்டி. தோற்றம்னு என்ன தேதி சொன்ன? அது உன் நெசத் தேதில்லா. அவனுவளுக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை. கருத்தையாவிடம் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அவர் அலுவலகத்தில் இருந்தது சான்றிதழ் தேதிதான். அன்று எங்கள் வீட்டில் சோறு பொங்கவில்லை.

இன்று காலையில் நான் வரச் சொல்லிப் பாண்டிதுரை கடைக்கு வந்தார். கார்த்திகாவும் உடன் இருந்தாள். நான் போஸ்டரை வெட்டு மேஜையில் விரித்து, "என் பொறந்த தேதிய யாருட்ட குடுத்திய?" என்று கேட்டேன். அவர் போஸ்டரின் சுருண்ட ஓரத்தை விரலால் நீவிவிட்டார். பிறகு, "வெறும் போஸ்டருதான்னு சொன்னாவ அனுசியா. பயங்காட்டத்தான், வேற ஒண்ணும் செய்ய மாட்டோம்னு சொன்னாவ. போஸ்டருக்குன்னு கேட்டாவ, நான் ஜாதகத்தப் பாத்துச் சொன்னேன்" என்றார். யார் கேட்டார்கள் என்றேன். "தலைவர் ஆளுவதான்" என்றார். பெண் கேட்டு வரச் சொன்னதும் அவர்களா என்று கேட்டேன். அவர் மெஷின் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு அவர், "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் போகாத. வயித்துவலின்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கோ. பொறவு தையில நம்ம கல்யாணம் நல்லபடியா நடக்கும்" என்றார். நான் போவேன் என்றேன். அவர் வாசல் வரை போய், திரும்பி நின்று, "சரி, போறதுதான்னா பஸ்ஸுல போகாத. நானே பைக்குல கூட்டிட்டுப் போறேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு கார்த்திகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அவரு அழுதுக்கிட்டே போறாரு" என்றாள். ஏன் அழுதார் என்பதை நினைக்க நினைக்கத்தான் எனக்குப் பயம் வந்தது. உடனே புறப்பட்டு நிலையத்துக்கு வந்தேன்.

உரித்த போஸ்டரை இத்துடன் ஒப்படைக்கிறேன். கோர்ட்டுக்குப் போக எனக்குப் பாதுகாப்பு வேண்டும். உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாக எழுதுவது மேற்படி கருத்தையாவின் அலுவலகத்துக்குப் புதிது இல்லை. முன்பு எழுதியதோடு நிறுத்தினார்கள், இந்த முறை நிறுத்துவார்களா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் மனம் மாறி வெளியூர் போய்விட்டதாகவோ, கல்யாணம் நின்ற வருத்தத்தில் ஏதோ செய்துகொண்டதாகவோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொங்கலுக்கு ஆர்டர் பிடித்திருக்கிறேன், துணி வந்து இறங்கிவிட்டது. 12ஆம் தேதி நான் பாண்டிதுரையின் பைக்கில் ஏறியதைப் பார்த்ததாக யார் வந்து சொன்னாலும், நானாக ஏறவில்லை என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை. இதில் கையெழுத்துப் போடும்போது நான் உயிரோடு இருக்கிறேன்.

(ஒப்பம்)
சி. அனுசியா

என் முன்பாக,
சார்பு ஆய்வாளர்