பெண்ணாகிப் போன மாப்பிள்ளை

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வலை இழுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த தாய்மார்களே, கடைசி வரிசையில் என் முகம் பார்க்காமல் நிற்கும் உடன்பிறந்த அண்ணனே, அனைவருக்கும் என் களைத்த வணக்கம்.

ஆண்டுதோறும் இதே மேடை, இதே ஒலிபெருக்கி, இதே நான். மழைக்காலத்தில் இரண்டு மாதம் முகத்துவாரத்தில் வலை போடாதீர்கள் என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை தேய்ந்துவிட்டது. இன்று நீங்கள் முடிவெடுக்கப் போகிறீர்கள். ஒரு கதை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் மீன்குஞ்சு பொரிப்பகத்தில், பெண் மீன்கள் இருக்கும் தொட்டியில், ஒரே ஓர் ஆண் கொடுவா உண்டு. தீனி போடும் அக்கா அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. பருவம் பிறந்தால் முதல் தீனி மாப்பிள்ளைக்கு, முதல் உபசாரம் மாப்பிள்ளைக்கு. வளர்த்த பாசத்தில், வேறு சின்ன மீன் எதையும் அந்தத் தொட்டிக்குள் நாங்கள் விடவே இல்லை. இந்த ஆண்டு முட்டைகள் வந்தன. ஒன்றுகூடப் பொரியவில்லை. வெளுத்துப்போய் அடியில் படிந்தன.

"மாப்பிள்ளைக்கு என்னம்மா கொறச்சல்? நல்லாத்தானே கவனிக்கிறோம்" என்றார் அக்கா. இரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஆண் ஹார்மோன் இறங்கியிருந்தது, பெண் ஹார்மோன் ஏறியிருந்தது.

"அக்கா, நம்ம மாப்பிள்ளை பொண்ணாயிட்டாருக்கா."

சிரியுங்கள், நானும் சிரித்துவிட்டுத்தான் அழுதேன். கொடுவா ஆணாக வளர்ந்து, பெருத்த பிறகு பெண்ணாகும் மீன். அது தெரிந்தும் பாசம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

ஆண் தேடி அண்ணன் படகில் கடலுக்குப் போனோம். வலை நிறையச் சின்ன மீன். வயிற்றைத் தடவிப் பார்த்தால் விந்து கசிந்தது, அத்தனையும் ஆண். அண்ணன் மெல்லச் சொன்னார்: "பெருசு ஒண்ணுகூடக் காணோமே, தங்கச்சி."

எப்படிக் காணும்? பருவம் கண்டு, ஹார்மோன் ஏறி, முட்டை சுமந்து முகத்துவாரம் தேடி வரும் தாய் மீனை வாசலிலேயே வரவேற்பது யார்? நம் வலையல்லவா? எங்கள் தொட்டியில் ஆண் இல்லை. உங்கள் கடலில் பெண் இல்லை. பிறகு குஞ்சு எங்கிருந்து வரும்?

என்னம்மா அங்கே? "அந்த ரெண்டு மாசம் அடுப்பு எப்படிங்க எரியும்?" நியாயமான கேள்வி, தாயே. கஷ்டம்தான். இல்லையென்று ஏமாற்ற மாட்டேன். ஆனால் கடல் காலியான பின், எல்லா மாதமும் அந்த மாதம்தானே?

என் பேச்சை நம்ப வேண்டாம். நான் தொட்டியைப் பார்த்தவள். அண்ணன் கடலைப் பார்த்தவர். அண்ணா, உங்கள் வலையும் முகத்துவாரத்தில்தான் கிடக்கிறது. எனக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியும். அன்று படகில் என்னிடம் சொன்னதை இன்று இவர்களிடம் சொல்லுங்கள். ஒலிபெருக்கியை உங்களிடம் அனுப்புகிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். உட்காருவேன் என்று சொன்னேன். அண்ணன் பேசட்டும், பிறகு உட்காருகிறேன்.