மேசைக்கு அடியில ஒரு குரல்

என்னம்மா, மேக்கப்காரன் வீட்டுக்குப் போனா கிசுகிசு கெடைக்கும்னுதான கேமராவத் தூக்கிட்டு வந்தீங்க? செய்தி வாசிச்ச குன்வோருக்கு எழுபது வயசு, டிவில விசேஷ நிகழ்ச்சி, அவ யாரோட சுத்தினா, மூக்கு ஒரிஜினலா... அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. மூக்கு ஒரிஜினல்தான். இருபது வருஷம் பவுடர் போட்டவன் நான்.

ஆனா குரல்? அங்கதான் இருக்கு விஷயம்.

காப்பி ஊத்திக்கங்க. உல்ஃப், பட்டை போட்ட பன்னு, எடுத்துக்க. இவன்தாம்மா அப்ப எங்க சவுண்டு ஆளு. பேசமாட்டான். தின்பான்.

தொண்ணூத்தி ஒண்ணு, பிப்ரவரி. ஸ்டாக்ஹோமே மூக்க ஒழுகவிட்டுக்கிட்டுக் கெடக்கு. ஏழரை செய்திக்கு அஞ்சு நிமிஷம். குன்வோர் வாயத் தெறந்தா வெறும் காத்துதான் வருது. நான் மேக்கப் ரூம்ல அவள மாதிரியே பேசி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். இதோ: ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் தொடர்கிறது... பாத்தீங்களா, நிமிந்து உக்காந்துட்டீங்க.

எடிட்டர் என்னப் பாத்தான். அடுத்த நிமிஷம் நான் மேசைக்கு அடியில, கையில ஒரு மைக்கு. மேல அவ வாய அசைக்கறா, கீழ நான் படிக்கறேன். பட்ஜெட், பனிப்புயல், நீச்சல் குளத்துல விழுந்த காட்டுமான். ஒருத்தருக்கும் தெரியல.

எத்தன நாளா? பதினோரு வருஷம். சிரிக்காதீங்கம்மா. மூணு நாள்தான்னாங்க. அப்புறம் யாரும் வந்து, போதும் பெர்த்தில், எந்திரின்னு சொல்லல. நம்ம ஊர்ல வேற எப்படிப் பாராட்டுவாங்க?

மேலேருந்து அவ குரலும் லேசாக் கேக்கும். ஆர்வத்துல கூடவே முணுமுணுப்பா. ஒருநாள் நடுச் செய்தியில பெருசா ஒரு தும்மல் போட்டுட்டேன். மேல ஒரு இமை ஆடல. வீட்ல எங்கம்மாகிட்ட கேட்டா, எந்தத் தும்மல்ங்கறாங்க. ரெண்டு நாள் எனக்குக் காய்ச்சல், அப்பவும் செய்தி ஓடிருக்கு. பழைய டேப்பப் போட்டு ஒப்பேத்திருப்பாங்க. திங்கக்கெழம காப்பி மீட்டிங்குக்கு நான் பன்னோட உள்ள போனா, பேசிட்டு இருந்தவங்க எல்லாரும் கப்புனு வாய மூடிப்பாங்க. அவ்ளோ மரியாதை.

நாடே அதிகமா நம்பற குரல்னு அவளுக்கு விருது குடுத்தாங்க. நான் நின்னு கைதட்டினேன். எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. இப்பக் கேக்கறேன். நிகழ்ச்சி முடிவுல பேரெல்லாம் ஓடுமில்ல, அதுல குரல்: பெர்த்தில். அவ்ளோதான். என் மக நம்பமாட்டேங்கறா, பவுடர் அடிச்ச ஆளுதானப்பா நீங்கறா. அவளுக்குக் காட்டணும்.

என்ன உல்ஃப்? பன்ன முழுங்கிட்டுப் பேசு.

நாலாவது நாளே அவளுக்குக் குரல் திரும்பிடுச்சா?

என் மைக்கு ஒயரயே புடுங்கிட்டியா?

ம்.

அப்ப அந்தத் திங்கக்கெழம மீட்டிங்கெல்லாம்... என்னப் பத்தியா? பதினோரு வருஷமா? எங்கிட்ட யாரு சொல்றதுன்னு முடிவாகலையா? சரி, எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான முடிவு. ஒத்துக்கல. புரியுது.

ஒண்ணு மட்டும் சொல்லுடா. எனக்கு முட்டி வலிக்குதுன்னு குன்வோர் ஒரு மெத்த தெச்சு மேசைக்கு அடியில போட்டாளே. வருஷா வருஷம் உறை மாத்துவாளே. அது எந்த மீட்டிங்ல முடிவாச்சு?