எலியேசருக்குத் தொள்ளாயிரத்து நாலு

வெர்னா: ...சரி, அப்புறம்?

கார்வின்: அப்புறம் என்ன. அஞ்சு மணிக்கு எழுந்தேன். ரெண்டு முட்டை வேகவெச்சேன். ஒண்ணைத் தின்னேன். சட்டையைத் தேய்ச்சேன். பாட்டில்ல தண்ணி பிடிச்சேன். நாற்காலி ரெண்டையும் வண்டியில போட்டேன். கேட் திறக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.

வெர்னா: ரெண்டு நாற்காலி.

கார்வின்: ஆமா.

வெர்னா: இதுல நான் உட்காரலாமா, இல்ல...

கார்வின்: உட்காருங்க வெர்னா. யாரும் இல்ல.

வெர்னா: டெஸ்ஸாவோட நாற்காலியாச்சேன்னு கேட்டேன். போன மார்ச் பூரா இந்த வலைக்குப் பின்னாடி இதுலதானே உட்கார்ந்திருந்தா. மடியில பந்து வேகம் பார்க்கிற ஸ்பீடு கன், தலையில உன் தொப்பி.

கார்வின்: துணி தொங்கிப்போச்சு. ரொம்பச் சாயாதீங்க.

வெர்னா: என் எடைக்கு இரும்பு நாற்காலியே தொங்கும். சூரியகாந்தி விதை வேணுமா? உப்பு போட்டது.

கார்வின்: வேண்டாம்.

வெர்னா: ஒரு முட்டையில எப்படிப்பா ஒரு ஆம்பளை சாயங்காலம் வரைக்கும்... சரி விடு. நான் முட்டை விசாரிக்க வரல. டீம் ஆபீஸ்லேர்ந்து அனுப்பினாங்க.

கார்வின்: தெரியும்.

வெர்னா: என்ன தெரியும்?

கார்வின்: பசங்க புகார் சொல்லியிருப்பாங்க.

வெர்னா: பதினோரு பேர் வரிசையா வந்து நின்னாங்களாம். கார்வின் வலைக்குப் பின்னாடி உட்கார்ந்தா நாங்க பந்து எறிய மாட்டோம்னு. நீ பென்சிலை எடுத்தாலே ஒருத்தன் சிலுவை போட்டுக்கறானாம். இன்னொருத்தன் உன் வண்டி நின்ன இடத்துல தன் வண்டியை நிறுத்தறதே இல்லையாம்.

கார்வின்: பேஸ்பால்ல எவன் தேறுவான், எவன் தேற மாட்டான்னு எழுதறதுதான் என் வேலை.

வெர்னா: அதைத்தான் நானும் சொன்னேன். உடனே கேட்டாங்க, அப்போ அந்த டக் டக் எதுக்குன்னு. பந்தை எண்ணுற கருவி எல்லார்கிட்டயும்தான் இருக்கு. நீ சாப்பாட்டு மேஜையில கூட அதைக் கீழே வைக்கறதில்லையாம். அது போக, இந்த வருஷம் புதுசா வந்தவங்களை நீ ஏறெடுத்தே பார்க்கறதில்லையாம். பழைய பசங்க பின்னாடியே சுத்தறியாம்.

கார்வின்: புதுப் பசங்களைப் பத்தியும் எழுதியிருக்கேன்.

வெர்னா: ஆளுக்கு ரெண்டு வரி. படிச்சேன். ரேஷன் கார்டுல கூட அதைவிட அதிகமா எழுதியிருக்கும்... இப்ப யாரு பந்து எறியற மேட்டுல ஏறறது? எலியேசரா?

கார்வின்: எலியேசர்தான்.

வெர்னா: முகத்தைப் பாரு. காலையில சாப்பிட்டதே அவனுக்கு உள்ள போயிருக்காது. மூணு பேரை அவுட்டாக்கற இந்த ஒரு இன்னிங்ஸ்தான் அவனுக்கு. நாளைக்கு டீம் பஸ் கிளம்புது. இடது கை பிட்சருக்கு ஒரே இடம், பசங்க ரெண்டு பேர். இன்னொருத்தன் நேத்து குறி தப்பி எறிஞ்சே நாலு பேருக்கு ஓசியில பேஸ் தானம் பண்ணிட்டான். இவன் இன்னிக்கு ஒழுங்கா எறிஞ்சா இடம் இவனுக்கு. இல்லேன்னா சொந்த ஊரு பனாமாவுக்கு டிக்கெட்.

கார்வின்: நல்லா எறிவான். எண்பதுக்கு அறுபது மார்க் போட்டிருக்கேன்.

வெர்னா: ஓரத்துல?

கார்வின்: என்ன?

வெர்னா: அவன் பக்கத்தோட ஓரத்துல பென்சில்ல என்ன போட்டிருக்கு?

கார்வின்: ஒண்ணுமில்ல.

வெர்னா: தொள்ளாயிரத்து நாலு.

கார்வின்: என் நோட்டை எப்ப பார்த்தீங்க?

வெர்னா: பிப்ரவரியில. மழை வந்ததும் நாற்காலி மேலயே விட்டுட்டு ஓடினியே, அன்னிக்கு. எடுத்து உள்ள வெச்சேன். வெச்சதோட சும்மா இருந்திருக்கலாம். எல்லாப் பக்கத்தையும் போன்ல படம் பிடிச்சேன். ஓரத்துல இருக்கிறது உன் கையெழுத்து இல்ல.

கார்வின்: டெஸ்ஸாவோடது.

வெர்னா: அது தெரியுது. அந்த நம்பர் என்ன?

கார்வின்: படம் பிடிச்சவங்களுக்குத் தெரியாதா?

வெர்னா: உன் வாயால கேக்கணும்.

கார்வின்: ஒரு பையன் ரெண்டு பந்து எறியுறதைப் பார்ப்பா. அப்புறம் ஒரு நம்பர் சொல்வா. என்னதுன்னு கேட்டா, இவன் கையில இன்னும் இத்தனை பந்துதான் இருக்குன்னு சொல்லிட்டு ஓரத்துல எழுதுவா.

வெர்னா: நீ என்ன சொன்னே?

கார்வின்: சிரிச்சேன்.

வெர்னா: எப்ப சிரிக்கிறதை விட்டே?

கார்வின்: அக்டோபர் பயிற்சிக் கேம்ப்ல. ஹாட்லி. எறிஞ்சான், முழங்கையைப் பிடிச்சிக்கிட்டு மேட்டுலயே உட்கார்ந்துட்டான். அன்னிக்குச் சாயங்காலம் ஆபீஸ் பதிவை எடுத்து மார்ச்லேர்ந்து கூட்டினேன். முழு வேகத்துல எறிஞ்சது மட்டும். அறுநூத்திப் பதினொண்ணு.

வெர்னா: ஓரத்துல?

கார்வின்: அறுநூத்திப் பதினொண்ணு.

வெர்னா: கூட்டினதுல தப்பு...

கார்வின்: மூணு தடவை கூட்டினேன்.

வெர்னா: பிப்ரவரியில டேனர்.

கார்வின்: எழுநூத்தி இருபத்தாறு. அதுவும் சரியா இருந்துது.

வெர்னா: போன வாரம் மெரிக்.

கார்வின்: அவன்கிட்ட முன்னாடியே சொன்னேன். கொஞ்ச நாள் எறியாதேன்னு. ஏன்னு கேட்டான். சொல்ல முடியல. கையைத் தட்டிவிட்டுட்டுப் போயிட்டான்.

வெர்னா: நீ சொன்னதாலதான் கை போச்சுன்னு பசங்க பேசிக்கறாங்க. பயத்துல தோளை இறுக்கி எறிஞ்சானாம்.

கார்வின்: இருக்கலாம்.

வெர்னா: இருக்கலாமா? அவன் பந்தை நானும் எண்ணினேன், கார்வின்.

கார்வின்: நீங்களா?

வெர்னா: படம் பிடிச்சவ எண்ணாம இருப்பாளா? இந்தா, என் பையிலயும் ஒரு கருவி கிடக்கு. ஓரத்துல ஆயிரத்து நாற்பது. கடைசிப் பந்தை விட்டான். அந்தச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது. ஈரத்துணியைக் கிழிச்ச மாதிரி. எல்லாரும் மேட்டுக்கு ஓடினாங்க. நான் எந்திரிக்கல. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீயும் எந்திரிக்கல. ரெண்டு பேரும் குனிஞ்சு கையில இருந்த நம்பரைப் பார்த்துக்கிட்டிருந்தோம். அன்னிக்கு வீட்டுக்குப் போய் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல எனக்கு.

கார்வின்: முதல் பந்து. நல்ல பந்து.

வெர்னா: எலியேசர் கணக்கு இப்ப எங்க நிக்குது?

கார்வின்: எண்ணூத்தி எண்பத்தொண்ணுல மேடேறினான். இருபத்து மூணு மிச்சம். ஒரு இன்னிங்ஸுக்குப் பதினஞ்சு போதும். இடம் கிடைக்கட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.

வெர்னா: என்னன்னு சொல்வே? செத்துப்போன என் பொண்டாட்டி கணக்குப் போட்டு வெச்சிருக்கான்னா?

கார்வின்: ஸ்கேன் எடுக்கச் சொல்வேன்.

வெர்னா: போன மாசம்தான் எடுத்தாங்க. கை கண்ணாடி மாதிரி சுத்தம். மெரிக்குக்கும் அப்படித்தான் இருந்துது... முதல் ஆள் அவுட்டா?

கார்வின்: நாலே பந்துல.

வெர்னா: ஞாயித்துக்கிழமை நீ எங்க இருந்தே?

கார்வின்: அன்னிக்கு லீவு. கல்லறைக்குப் போனேன்.

வெர்னா: நான் இங்க இருந்தேன். மாடியில ஜன்னலோரம். வலைக்கூண்டுக்குப் பின்னாடி ஒரு கேட்சரை உட்காரவெச்சு எலியேசர் எறிஞ்சிக்கிட்டிருந்தான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு. முழு வேகம்.

கார்வின்: பதிவுல இல்லையே.

வெர்னா: திருட்டுத்தனமா எறிஞ்சதை யாரு பதிவு பண்ணுவா? நான் எண்ணினேன். பன்னண்டு.

கார்வின்: பன்னண்டா?

வெர்னா: அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆபீஸ் அனுப்புச்சுங்கிறது சும்மா ஒரு சாக்கு.

கார்வின்: அப்போ... அவன் மேடேறும்போதே மிச்சம் பதினொண்ணுதான்.

வெர்னா: இதுவரைக்கும் எத்தனை?

கார்வின்: எட்டு. ரெண்டாவது ஆளும் அவுட். மூணாவது ஆள் வந்துட்டான்... இப்ப ஒன்பது.

வெர்னா: இன்னும் ரெண்டு. வாக்கிடாக்கியை எடு. அந்தப் பொத்தான் இல்ல, இது. ரஸ். ரஸ், கோச், காதுல விழுதா?

ரஸ் (வாக்கிடாக்கியில்): விழுது வெர்னா. பார்த்தீங்களா பையனை? மேல ஆபீஸ்காரங்க எந்திரிச்சு நிக்கறாங்க. இடம் அவனுக்குத்தான்.

வெர்னா: அவனை இறக்கு.

ரஸ்: யாரை?

வெர்னா: எலியேசரை. இப்பவே.

கார்வின்: பத்து. ஓரமாப் பட்டுப் போச்சு. ஸ்ட்ரைக் ரெண்டு.

ரஸ்: ரெண்டு ஸ்ட்ரைக் ஆச்சு வெர்னா. இன்னும் ஒரே பந்து, மூணாவது ஆளும் அவுட். முடிச்சிடுவான்.

வெர்னா: அந்தப் பந்தைத்தான் எறிய விடாதேங்கிறேன். நேரா மேட்டுக்கு நட.

ரஸ்: காரணம்னு என்ன எழுதறது?

வெர்னா: கைவலின்னு எழுது.

ரஸ்: வலிக்குதுன்னு அவன் சொல்லவே இல்லையே. அவன் பேருக்கு நேரா கைவலின்னு எழுதினா நாளைக்கு பஸ்ல இன்னொருத்தன் ஏறுவான். வேற டீம்காரன் யாரும் இவனைத் தொட மாட்டான். பத்தொன்பது வயசு, வெர்னா.

வெர்னா: தெரியும்.

ரஸ்: பக்கத்துல கார்வின் இருக்கானா? அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு...

வெர்னா: இது என் பேச்சு. நட.

கார்வின்: எறியக் காலைத் தூக்கிட்டான்.

வெர்னா: ரஸ்...

கார்வின்: நடுவர் கையைத் தூக்கிட்டார். நிறுத்திட்டாங்க.

வெர்னா: எறிஞ்சானா?

கார்வின்: இல்ல. பந்து கையிலதான் இருக்கு. தண்ணி குடிங்க.

வெர்னா: பந்தைக் குடுக்க மாட்டேங்கிறான் பாரு. ரஸ் அவன் விரலைப் பிரிச்சு வாங்கறான்.

கார்வின்: இங்க பார்க்கறான்.

வெர்னா: என்னையா, உன்னையா?

கார்வின்: நாற்காலியை.

வெர்னா: ஏன்பா இப்படியெல்லாம் பேசறே... அழறானா?

கார்வின்: ஆமா.

வெர்னா: இனி ஆயுசு பூரா அவனுக்கு ஒரே ஒரு பந்து. அது அவனுக்கே தெரியாது. ஊருக்குப் போய் கோபத்துல எந்தச் சுவத்து மேலயாவது...

கார்வின்: முழு வேகத்துல எறிஞ்சாத்தான்.

வெர்னா: பத்தொன்பது வயசுக்காரனுக்கு அரை வேகம்னா என்னன்னு தெரியுமா? அவங்க அம்மாகிட்ட பேசிக் கூட்டிட்டு வந்ததே நான்தான். அடுப்படியில உட்காரவெச்சு சோறு போட்டாங்க. இன்னிக்கு நான்தான் போன் பண்ணணும். என்னன்னு சொல்லட்டும்?

கார்வின்: கை தப்பிச்சுதுன்னு சொல்லுங்க.

வெர்னா: தப்பிச்சுதா? எறிஞ்சிருந்தாத்தானே தெரியும். ஒரு பையனோட பிழைப்பை ஒரு நம்பரை நம்பி முடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன், உன் பொண்டாட்டி நாற்காலியில... கார்வின், ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. அவளுக்குத் தெரிஞ்சுதான் எழுதினாளா?

கார்வின்: தெரியல.

வெர்னா: ஹாட்லிக்குக் கை போனப்ப அவ உயிரோடதானே இருந்தா. ஆஸ்பத்திரியில. அவகிட்ட சொன்னியா?

கார்வின்: நோட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். அவ எழுதின ஓரத்தையும் நான் கூட்டினதையும். ரொம்ப நேரம் பார்த்தா.

வெர்னா: பார்த்துட்டு?

கார்வின்: ஒண்ணு சொன்னா. அதுக்கப்புறம் பேசல. மறுநாள் காலையில போயிட்டா.

வெர்னா: அடக்கத்தன்னிக்கு எல்லார்கிட்டயும் சொன்னியே. 'நேரத்துக்குத் தூங்கு'ன்னு சொன்னா, அதுதான் அவ கடைசி வார்த்தைன்னு. நான் கூட அழுதேனே.

கார்வின்: அது நானா கட்டிச் சொன்னது.

வெர்னா: அப்போ நோட்டைப் பார்த்துட்டு அவ நிஜமா என்னதான் சொன்னா?

கார்வின்: "அதெல்லாம் வாய்க்கு வந்த நம்பர், கார்வின். நீ சிரிக்கணும்னு எழுதினேன். எண்ணாதே."