கேள்வி கேட்காத வேலை

மகள்: அதெல்லாம் சாப்ட்டேன்பா. ஃபோனை எடுத்ததும் தினமும் இதையேதான் கேக்குறீங்க.

அப்பா: வேற என்னத்த கேக்கறது? சாப்ட்டியா, என்ன சாப்ட்டே. எனக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டு கேள்விதான்.

மகள்: ரொட்டி. அப்புறம் ஒரு ஆப்பிள். அதுல பாதிதான் எனக்குக் கிடைச்சுது.

அப்பா: மீதி?

மகள்: ஒரு எலி தின்னுடுச்சு.

அப்பா: பள்ளிக்கூடத்துல எலியா? ஏம்மா, கண்டம் விட்டு கண்டம் போய் சேவை பண்றேன்னு சொன்னியே, இதுக்குத்தானா...

மகள்: அந்த எலியைப் பத்தி அப்புறம் சொல்றேன். இப்ப ஒரு முக்கியமான விஷயம் பேசணும். அம்மா எங்க?

அப்பா: மாடியில... துணி எடுக்கப் போயிருக்கா.

மகள்: நேத்தும் மாடி. முந்தாநேத்து தையல்காரம்மா வீடு. நான் ஃபோன் பண்ற நேரத்துலதான் அந்தத் துணியெல்லாம் காயுமா?

அப்பா: வெயில் அப்படி.

மகள்: விளக்குப் போட்ட நேரத்துல என்னப்பா வெயில்?

அப்பா: அதான்... பனியில நனைஞ்சிடும்னு எடுக்கப் போயிருக்கா.

மகள்: நல்லா சமாளிக்கிறீங்க.

அப்பா: அது கிடக்கட்டும். வந்து... ஆங்... குதிகால் வெடிப்புக்கு அந்தக் களிம்பைத் தடவுறியா? தடவிட்டு சாக்ஸ் போட்டுத் தூங்கணும்.

மகள்: எனக்குக் குதிகால் வெடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: மருந்துக்கடைக்காரன்டி நான். ஊர்ல இருக்கிற குதிகாலெல்லாம் எனக்குத் தெரியும்.

மகள்: ஓகோ. வேற என்னென்ன தெரியும் மருந்துக்கடைக்காரருக்கு?

அப்பா: நீ அனுப்பின ஃபோட்டோல... பச்சை ஸ்வெட்டர் முழங்கையில பிரிஞ்சிருந்துதே. தைச்சியா?

மகள்: கண்ணாடி போட்டாலே உங்களுக்கு மாத்திரை பேரு தெரியாது. முழங்கை தெரிஞ்சுதாக்கும்.

அப்பா: ...பெரிசு பண்ணிப் பாத்தேன்.

மகள்: சரி சரி. தைச்சுட்டேன். பக்கத்துல யாராவது கவலைப்பட்டா சொல்லிடுங்க.

அப்பா: பக்கத்துல யாரு இருக்கா? நானும் இந்த ஃபேனும்தான்.

மகள்: அம்மா இன்னும் ஃபிரிட்ஜ்கிட்டதான் பேசுறாங்களா?

அப்பா: இப்ப தேவலை. என்கிட்ட நேராவே பேசுறா. நீ போன புதுசுலதான் பாடாப் படுத்திட்டா. நான் இங்க நிக்கிறேன், அவ ஃபிரிட்ஜைத் தொறந்து வெச்சுக்கிட்டு, "பால் தீந்து போச்சு, அந்த மனுஷன்கிட்ட சொல்லு"ங்கறா.

மகள்: நீங்க என்ன பண்ணீங்க?

அப்பா: நான் என்ன பண்ணுவேன்? "வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிடு"ன்னு நானும் ஃபிரிட்ஜ்கிட்டயே சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

மகள்: அய்யோ அப்பா...

அப்பா: சிரி. கரண்ட் பில் கட்டறவனுக்குத்தான் தெரியும்.

மகள்: என்னைப் பத்தி அந்த ஃபிரிட்ஜ்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?

அப்பா: இல்லம்மா. உன்னைப் பத்தி மட்டும் அதுகிட்டயும் சொல்லல.

மகள்: ம்.

அப்பா: என்னமோ முக்கியமான விஷயம்னியே.

மகள்: பெரிய டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாங்கப்பா. இன்னும் ஒரு வருஷம் இருக்கியான்னு. இதே ரூமு, இதே பஸ் பாஸ், இதே வேலை. மதிய மணி அடிச்சதும் போய் பதில் சொல்லணும்.

அப்பா: இன்னிக்கேவா?

மகள்: இன்னிக்கேதான்.

அப்பா: ஏம்மா... டிக்கெட்டு போட்டாச்சே. உன் ரூமுக்கு வெள்ளையடிச்சு, மெத்தையைக் காயப் போட்டு... நானே எல்லாம் பண்ணேன், தெரியுமா? நானேதான்.

மகள்: நீங்களேவா. மெத்தையை.

அப்பா: சரி, அதை விடு. மூக்கைத் தொடைச்சு விட, ஷூ லேஸ் கட்டி விட, அங்க வேற ஆளே இல்லையா?

மகள்: அதுக்கெல்லாம் ஆள் இருக்குப்பா. எலிக்குத்தான் ஆள் இல்லை.

அப்பா: மறுபடியும் எலி.

மகள்: எலின்னா நிஜ எலி இல்லப்பா. ஒரு சின்னப் பொண்ணு. நான் மொட்டுன்னுதான் கூப்பிடுவேன். வீட்ல வாய் ஓயாதாம். பள்ளிக்கூட வாசப்படி தாண்டினா பூட்டுப் போட்ட மாதிரி. நான் வந்ததுலேர்ந்து இங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

அப்பா: அடப்பாவமே. டாக்டர்கிட்ட காட்டினாங்களா?

மகள்: காட்டாம இருப்பாங்களா? தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பயம்தான். அதுக்குன்னு ஒரு வழி சொல்லிக் குடுத்தாங்க. அதுதான் என் வேலையே. பக்கத்துல உக்காரணும். நாம பாட்டுக்குப் பேசிட்டே இருக்கணும். "பேசு பேசு"ன்னு பிடுங்கக் கூடாது, மூஞ்சையே பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது. முக்கியமா, கேள்வியே கேக்கக் கூடாது.

அப்பா: கேள்வி கேக்காமயா? என்னால ஆகாதும்மா.

மகள்: உங்களை வெச்சா அரை நாள்ல அனுப்பிடுவாங்க.

அப்பா: ஆனா வழி சரியான வழிதான். நானும் இங்க அப்படித்தான்... பதில் வருதோ இல்லையோ, உன் விஷயத்தையெல்லாம் சொல்லிக்கிட்டே...

மகள்: யார்கிட்ட?

அப்பா: ம்? கடைக்கு வர்றவங்ககிட்ட.

மகள்: இருமலுக்கு மருந்து வாங்க வர்றவங்ககிட்ட என் கதையா?

அப்பா: சும்மாதானே நிக்கிறாங்க.

மகள்: எனக்கு மட்டும் பேச என்ன இருக்கு சொல்லுங்க. இந்த ஊரு பாஷையில எனக்கு வந்ததே கொஞ்சம். மழை பெய்யுது, பென்சில் சிவப்பா இருக்குன்னு சொன்னா தீந்து போச்சு. அதான்... தினமும் அதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே உங்களுக்கு ஃபோன் பண்றேன்.

அப்பா: என்னது?

மகள்: கோட்டு மாட்டற கொக்கி வரிசைக்குக் கீழ ஒரு குட்டி பெஞ்சு இருக்கு. மத்த பிள்ளைங்கல்லாம் விளையாடப் போனதும் நாங்க ரெண்டு பேரும் அங்க உக்காந்துக்குவோம். எனக்கு முட்டி மோவாயில இடிக்கும். ஆப்பிள்ல பாதி அதுக்கு. ஃபோன் நடுவுல, ஸ்பீக்கர்ல.

அப்பா: ஸ்பீக்கர்லயா? இத்தனை நாளாவா? அப்ப என் மூல வியாதி, உங்க சித்தப்பா சண்டை, எல்லாத்தையும்...

மகள்: எல்லாத்தையும் கேட்டுச்சு. அதுக்குத் தமிழ் புரியாதுப்பா. உங்க குரல்னா பிடிக்கும் போல. நீங்க "ஹலோ"ன்னதும் காலை ஆட்ட ஆரம்பிச்சிடும்.

அப்பா: இப்பவும் இருக்கா?

மகள்: இருக்கு. பாக்காத மாதிரி பாத்துட்டிருக்கேன். என் ஸ்வெட்டர் நூலைப் பிடிச்சு இழுத்துட்டு இருக்கு. முழங்கை பிரிஞ்சதே இந்த மகராசியாலதான்.

அப்பா: நல்ல ஆளும்மா நீ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசி...

மகள்: நீங்களும் ஸ்பீக்கர்லதானே பேசுறீங்க.

அப்பா: யாரு சொன்னா?

மகள்: ஃபேன் சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே.

அப்பா: எனக்குக் காது கொஞ்சம்... இந்தப் பக்கம் அடைச்சிருக்கு.

மகள்: மருந்துக்கடையில அதுக்கு மருந்து இல்லையா?

அப்பா: என்னைக் கிண்டல் பண்ணினது போதும். என்ன பதில் சொல்லப் போற?

மகள்: தெரியலப்பா. இதை விட்டுட்டு வரவும் மனசு வரல. வீட்டுக்கு வரணும்னு இருக்கிற ஏக்கத்துல ராத்திரி தலைகாணியை நனைக்கிறேன். ரெண்டும்தான் இருக்கு. ஆனா வந்தா... அம்மா என்கிட்ட பேசாத வீட்ல வந்து நான் எங்க உக்காருவேன், சொல்லுங்க.

அப்பா: பேசுவாம்மா.

மகள்: இதையே எத்தனை நாளா சொல்றீங்க? நான் இங்க வந்ததுல அம்மாவுக்குக் கோவம் இல்லப்பா. அது எனக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டது உங்களுக்குத் தெரியும், விசா வந்தது சித்தப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் மேல் வீட்டு அக்கா மாடிப்படியில வெச்சு, "பொண்ணு வெளிநாடு போகுதாமே"ன்னு கேட்டுத்தான் தெரிஞ்சுது.

அப்பா: மேல் வீட்டுல உளறினது நான். அதுல உன் தப்பு என்ன இருக்கு?

மகள்: கடைசியில சொல்லிக்கலாம்னு வெச்சிருந்தது நான்தானே. சொன்னா அழுவாங்கன்னு பயந்தேன். பாருங்க, அழவே இல்ல. பையில மடிச்சு மடிச்சு துணி வெச்சுக் குடுத்தாங்க. வாயை மட்டும் மூடிக்கிட்டாங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்பா. திட்டினாக்கூடப் போதும். வந்துடுவேன். இல்ல, இருடின்னா நிம்மதியா இருப்பேன். ஒண்ணுமே சொல்லாட்டி நான் எதை முடிவு பண்றது?

அப்பா: நான் வேணா... உங்கம்மாகிட்ட கேட்டு...

மகள்: வேண்டாம். கேக்காதீங்க. பிடுங்கக் கூடாதுன்னு இப்பத்தானே சொன்னேன். அவங்க சாப்ட்டாங்களா? அதை மட்டும் சொல்லுங்க.

அப்பா: அவ அப்பவே சாப்ட்டா. வயிறு நிறைய சாப்ட்டு, பாத்திரமெல்லாம் கழுவி...

மகள்: மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டாங்க.

அப்பா: ஆமா.

மகள்: என்னப்பா அங்க சத்தம்? மூக்கு உறிஞ்சற மாதிரி...

அப்பா: எனக்கு ஜலதோஷம்.

மகள்: மணி அடிக்கப் போகுதுப்பா. வெச்சிடவா? நான் போய்... அப்பா. அப்பா, இருங்க. ஒண்ணும் பேசாதீங்க.

அப்பா: என்னம்மா? என்ன ஆச்சு?

மகள்: ஷ்ஷ்... ஃபோனை எடுத்துடுச்சு. வாய்கிட்ட வெச்சிருக்கு...

குழந்தை: ...சாப்ட்டியா?

அப்பா: யாரு... யாரும்மா அது?

மகள்: மொட்டுப்பா. மொட்டு... நீங்க தினமும் கேக்குறதை... அப்பா, பதில் சொல்லுங்க. நான் வாயைத் தொறந்தா அழுதுடுவேன், அது பயந்துக்கும். சீக்கிரம், யாராவது பதில் சொல்லுங்களேன்...

குழந்தை: என்ன சாப்ட்டே?

அப்பா: எனக்கு... இந்தா, ஃபோனைப் பிடி... நீ சொல்லேன். குழந்தை கேக்குது பாரு... நீயே சொல்லேன்.

அம்மா: இன்னும் இல்லடா கண்ணு. தினமும் இந்த ஃபோன் வந்து, உங்க அக்கா பேசி முடிச்சாத்தான் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குது. உன் பக்கத்துல உக்காந்து அழறாளே, அவகிட்ட சொல்லு. இருக்கறதுன்னா இருக்கட்டும், வர்றதுன்னா வரட்டும்... எதுவானாலும் இந்தத் தடவை என்கிட்ட முதல்ல சொல்லச் சொல்லு.