கிணறு எந்தப் பக்கம்?

எனக்கு ஒட்டுக்கேட்கும் பழக்கம் கிடையாது சார். காது கொஞ்சம் கூர்மை, சமையலறை ஜன்னல் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுக் கொல்லை. பாத்திரம் கழுவுகிறபோது கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்?

அந்த வீட்டை வாங்கி வந்தவர்கள் ஒரு மகன், அவன் மனைவி, அவன் அம்மா. மாமியாரும் மருமகளும் அடுப்பு மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள். இவள் தீயைக் கூட்டிவிட்டுப் போவாள், அவள் வந்து குறைப்பாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருந்தால் அவர்களுக்கும் நல்லது, எனக்கும் சிரமம் குறைந்திருக்கும்.

கடைசியில், பின்னால் சும்மா கிடந்த இடத்தில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு சின்ன வீடு கட்டுவதென்று மகன் முடிவு செய்தான். ஒரு அறை, சமையல்மேடை, குளியலறை. மதில் ஓரமாக வந்து அதை என்னிடம் சொன்னபோது மாமியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கல்யாணம் நிச்சயமான பெண் தோற்றாள்.

“என் கையில ஒரு சாவி இருக்கணும்க்கா. நான் வெச்ச அடுப்ப இன்னொருத்தர் வந்து குறைக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

மனதார சந்தோஷப்பட்டேன். எந்த இடத்தில் என்று கேட்கும்வரை.

“இதோ, உங்க ஜன்னலுக்கு நேரா. உக்காந்த இடத்துலேர்ந்தே பேசிக்கலாம்.”

பேசலாம்தான். ஆனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு சுவர் எழும்பும். அப்புறம் பெரிய வீட்டின் பின்கதவு தெரியாது, துணிக்கொடி தெரியாது, மருமகள் யாரோடு பேசுவதற்குப் போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வருகிறாள் என்பதும் தெரியாது. தெருவில் யாருக்கு எது தெரியவேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். சுவரைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு நான் என்ன சொல்வது?

கொஞ்ச நாளில் மகனே வந்தான்.

“ஆன்ட்டி, இங்க முன்னாடி ஒரு கிணறு இருந்துச்சாமே. வித்தவருக்கு ஞாபகம் இல்லையாம். எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாமலா? அதை மூடியபோது இதே ஜன்னலில்தான் நின்றேன். உள்ளே நிரப்பக்கூட இல்லை. மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு, மண்ணைத் தள்ளி, புல் வளரவிட்டுவிட்டார்கள். அது அந்தக் கோடி மூலையில். நான் என் ஜன்னலுக்கு நேரே கையைக் காட்டினேன்.

“நல்ல வேளை கேட்டேன் ஆன்ட்டி” என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். வீட்டைக் கோடி மூலைக்கு மாற்றினார்கள். அதாவது, கிணற்றின் தலைமேல்.

தோண்ட ஆரம்பித்ததும் மேஸ்திரி மதிலண்டை வந்தார்.

“ஏம்மா, கடப்பாறை அல்வாவுல இறங்குற மாதிரி இறங்குது. இங்க என்ன இருந்துச்சு?”

“குப்பைக்குழி மேஸ்திரி. உரம் போட்டுப் போட்டு மண்ணே பொலபொலன்னு ஆயிடுச்சு.”

“எதுக்கும் இன்னும் கொஞ்சம் ஆழமா தோண்டிப் பாத்துடவா?”

“தாராளமா தோண்டுங்க. மழை வந்து வேலை நின்னா அந்தம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க.”

சிரித்துக்கொண்டே போனார். மேலாகவே அஸ்திவாரம் போட்டார்.

மேஸ்திரியிடம் சொன்னது பொய் என்கிறீர்கள். கல் கனமானது, வீடு சின்னது, நின்றாலும் நிற்கும் என்றுதான் நினைத்தேன். நிற்க வேண்டும் என்று ஆசைப்படவும் செய்தேன் சார். அந்த மூலையில் கட்டியதால் அவள் சமையல்மேடைகூட எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. குடிபோன அன்று சாவியை ஆட்டிக் காட்டினாள்.

“பாத்தீங்களாக்கா, ஒத்தைச் சாவி. மகனுக்குக்கூட இன்னொண்ணு குடுக்கல.”

மழை வலுத்த ஒரு மத்தியானம் தரை உள்வாங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. பாதிச் சுவர் சரிந்து, சமையல்மேடை இருந்த இடத்தில் பள்ளம். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். உள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். மகனை இல்லை, என்னை. “அக்கா, அக்கா” என்று.

போன் கையில்தான் இருந்தது. ஆட்களை வரவழைத்தால் முதலில் அவளைத் தூக்குவார்கள், அப்புறம் இங்கே கிணறு எப்படி வந்தது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்தால் அவள் மனது என்ன பாடுபடும்? என்னை அவ்வளவு நம்பியவள். அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, செய்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார். குரல் அடங்கும்வரை நான் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை.